இடது பக்கத்து ஓட்டைகள்

முதல் மழைக்கு எங்கள் காரில் ஒழுகியது கூரை அல்ல, தரை. அதுவும் என் கணவர் உட்காரும் இடது பக்கத்தில் மட்டும். கேம்ப் ரோட்டில் தேங்கிய தண்ணீரைக் கடந்து வீட்டு வாசலில் இறங்கும்போது அவருடைய பேண்ட் முழங்கால்வரை சொதசொதவென்று நனைந்திருந்தது. என் பக்கம் ஒரு சொட்டு இல்லை. "உனக்கு மட்டும் எப்படிக் காஞ்சிருக்கு?" என்று அதற்கும் என்னைத்தான் முறைத்தார்.

அந்த வண்டியில் எது நடந்தாலும் அப்போது நான்தான் காரணம். தொண்ணூறுகளின் தொடக்கம் அது. சேலையூரில் இருந்தோம். நான் வீட்டிலேயே சாயங்காலம் கணக்கு டியூஷன் எடுத்தேன். அவருக்குக் கிண்டியில் ஆபீஸ். ஸ்கூட்டரில் போனவரைத் தண்ணி லாரி ஒன்று இடித்து, இடுப்பில் கம்பி வைத்து, ஐந்து மாதம் வீட்டில் கிடந்தார். பஸ் ஏற முடியாது. தாம்பரம் ஸ்டேஷன் படிக்கட்டை நினைத்தும் பார்க்க முடியாது. மெடிக்கல் லீவு முடிய ஆறு வாரம் இருக்கும்போதுதான் இந்தப் பழைய காரை வாங்கினோம். நான் காலையில் கொண்டுபோய் விட்டு, சாயங்காலம் கூட்டி வருவது என்று ஏற்பாடு. அதற்காகவே கார் ஓட்டக் கற்று லைசென்ஸ் எடுத்திருந்தேன். இது சரிப்படவில்லை என்றால் விருப்ப ஓய்வுக்கு எழுதிக் கொடுத்துவிடப்போவதாகச் சொல்லிவிட்டார். அப்போது அவருக்கு நாற்பத்தாறு வயது. வேலைக்குப் போகாமல் ஜன்னலையே பார்த்துக்கொண்டிருந்த அந்த மனிதரை ஐந்து மாதம் பார்த்துவிட்டேன். மிச்ச வருஷங்களும் அப்படிப் பார்க்க எனக்குத் தெம்பு இல்லை.

விற்றுக்கொடுத்த புரோக்கர், "ஒரே டாக்டர் கை சார். வீடு, கிளினிக், வீடு. மீட்டரப் பாருங்க" என்றார். மீட்டரும் அதையேதான் சொன்னது, ஓடிய தூரம் குறைவு. ஆனால் முதல் கியர் போட்டு எடுத்தால் வண்டி ஆட்டுக்குட்டிபோலத் துள்ளும். ரிவர்ஸ் கரகரவென்று அரைத்துவிட்டுத் தானாகக் கழன்றுகொள்ளும். பின்னால் நீலப் புகை. ஒவ்வொரு துள்ளலுக்கும் என் கணவர் வலது காலால் தரையை அழுத்தி மிதிப்பார், ஏதோ அங்கே ஒரு பிரேக் இருப்பதுபோல. வாய் திறந்து ஒரு வார்த்தை சொல்லமாட்டார். அது திட்டுவதைவிட மோசம்.

எதிர்வீட்டு ரிடையர்டு சார் சொல்லுவார். ரிவர்ஸ் விழாத வண்டியைக் கேட்டுக்கு வெளியே பின்னால் தள்ளிவிட வருகிறவர் அவர்தான். தள்ளிக்கொண்டே, "கிளட்ச்ச மெதுவா விடணும்மா. லேடீஸுக்கு அது கொஞ்சம் லேட்டாத்தான் பிடிபடும்" என்பார். வெட்கக்கேடு என்னவென்றால், நானும் அதை நம்பினேன்.

ஆனால் இந்த ஒழுகல்? ஓட்டத் தெரியாதவள் ஓட்டினால் தரை எப்படி ஒழுகும்? மறுநாள் வெயில் வந்ததும் இடது பக்கத்துக் காலடி ரப்பர் விரிப்பைத் தூக்கிப் பார்த்தேன். பக்கத்துப் பக்கத்தில் இரண்டு ஓட்டைகள். துரு அரித்தவை அல்ல, விளிம்பு வட்டமாக, சுத்தமாக இருந்தது. யாரோ அளவெடுத்துப் போட்டிருக்கிறார்கள். தார்போல எதையோ வைத்து அடைத்தது மழையில் பெயர்ந்திருந்தது. பக்கத்தில் உட்காருகிறவர் காலுக்கு அடியில் ஒரு டாக்டர் எதற்காக ஓட்டை போடுவார்? அன்றைக்கு முழுக்க எனக்கு இதே யோசனை. ரசத்துக்கு உப்புப் போட மறந்தேன்.

மெக்கானிக்கிடம் காட்டலாம் என்று நான் சொன்னபோது என் கணவர், "ஓட்டற கை சரியில்லன்னா மெக்கானிக் என்ன பண்ணுவான்?" என்றார்.

எனக்குச் சுருக்கென்றது. சாவியை எடுத்துக்கொண்டு, இரும்புலியூரில் ஒரு வேப்பமரத்தடி ஷெட்டுக்கு நானே தனியாக ஓட்டிக்கொண்டு போனேன். முழு தூரமும் இரண்டாவது கியர்தான். வழியெல்லாம் புகை.

"இன்னா டீச்சர், கொசுமருந்து வண்டி கணக்கா பொகை வுட்டுகினு வர்ற?" என்றார் மெக்கானிக். அவர் மகளும் என்னிடம்தான் டியூஷன் படித்தாள். நான் ஒன்றே ஒன்று கேட்டேன். கியர் பாக்ஸைப் பிரிக்கும்போது என்னைக் கூப்பிட வேண்டும், நான் பார்க்க வேண்டும்.

இரண்டு நாள் கழித்துப் போனேன். மண்ணெண்ணெயில் கழுவிய பல்சக்கரங்களைத் தினசரித் தாளில் வரிசையாகப் பரப்பி வைத்திருந்தார். கியர் என்றால் கையில் பிடிக்கும் கம்பி என்று மட்டும் தெரிந்திருந்த எனக்கு, இத்தனை நாள் என் கைக்கு அந்தப் பக்கம் இவ்வளவு நடந்துகொண்டிருந்தது ஆச்சரியமாக இருந்தது. முதல் கியரின் பல் பழைய தேங்காய்த் துருவிபோல மழுங்கியிருந்தது. ரிவர்ஸில் இரண்டு பல்லே இல்லை. "கிளட்ச் பிளேட்டு எரிஞ்சிகீது. இஞ்சின்ல ரிங்கு காலி, அதான் பொகை. ஆனா இத்த பாரு, டாப் கியரு. புச்சு கணக்கா கீது. நாலாவது கியர ஒருத்தனும் போட்டதே இல்ல போல."

"மீட்டரத் திருப்பி வச்சிருப்பாங்களா?"

"அப்டின்னா அடியில ஸ்பிரிங்கு, ரப்பர் கட்டையெல்லாம் தேஞ்சிருக்கும். அது நல்லா கீதே. ஓடாத வண்டிக்கு இந்த கதி ஏன்னு எனக்கே பிரியல டீச்சர்."

கவிழ்த்துப் போட்ட பெட்ரோல் டின்மேல் உட்கார்ந்தேன். தூரம் போகாத வண்டி. ஆனால் ஆயிரம் தடவை கிளம்பிய வண்டி. முன்னால் கொஞ்சம், பின்னால் கொஞ்சம். நாலாவது கியருக்குப் போகவே தைரியம் வராத வண்டி. இடது பக்கம் இரண்டு ஓட்டை. எனக்குக் கற்றுக்கொடுத்தவர் எந்தப் பக்கம் உட்கார்ந்திருந்தார், அவர் காலடியில் என்ன இருந்தது என்று நினைத்தேன். சட்டென்று எழுந்துவிட்டேன்.

"இது டிரைவிங் ஸ்கூல் வண்டி" என்றேன்.

மெக்கானிக் வண்டிக்கு அடியில் படுத்துத் தடவிப் பார்த்துவிட்டு வெளியே வந்தார். "சொல்லித் தர்றவருக்கு பிரேக்கு, கிளட்ச்சுன்னு ரெண்டு பெடல் வெச்ச எடந்தான். வெல்டிங் தழும்பு கீது. முப்பது வருசமா தொழில் பண்றேன், எனக்குத் தோணலியே."

புரோக்கர்மேல் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டர் கையாம், டாக்டர் கை. வீட்டுக்கு நடந்து வருகிற வழியில் கோபம் தணிந்து சிரிப்பு வந்துவிட்டது. யார் யாரோ பயந்து பயந்து போட்ட கியர் அத்தனையும் அந்தப் பல்லில் இருக்கிறது. நானும் ஓட்டக் கற்றபோது பல்லாவரத்து மைதானத்தில் யாருடைய வண்டியையோ இப்படித்தான் அரைத்துவிட்டு வந்திருக்கிறேன்.

முதல் கியரைத் தாளில் சுற்றிக் கொண்டுவந்திருந்தேன். சாப்பாட்டு மேஜையில் என் கணவர் முன்னால் வைத்து எல்லாவற்றையும் சொன்னேன். மழுங்கிய பல்லை விரலால் தடவிக்கொண்டே இருந்தார்.

"அப்ப நான் இத்தன நாளா மிதிச்சது?"

"கழட்டிட்டுப் போன பிரேக்க."

அவர் சிரிக்கவில்லை. எனக்கும் ஒரு பயம் உள்ளே உட்கார்ந்துகொண்டது. எல்லாம் மாற்றிய பிறகும் வண்டி துள்ளினால்? அப்புறம் பழி போட வேறு யாரும் இல்லை, என் கைதான்.

தேய்ந்ததெல்லாம் மாற்றி வண்டி கைக்கு வர மூன்று வாரம் ஆனது. லீவு முடிய ஒரே நாள் மிச்சம் இருந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் அவரை ஏற்றிக்கொண்டு ஜி.எஸ்.டி. ரோட்டில் தெற்கே போனேன். எதிர்வீட்டு சார் தள்ளத் தயாராக வந்து நின்றார். ரிவர்ஸ் போட்டேன், விழுந்தது. அவரை அப்படியே நிற்க விட்டுவிட்டுக் கிளம்பினோம். முதல் கியரில் ஒரு குலுக்கல் இல்லை. பெருங்களத்தூர் தாண்டி மூன்றாவது. வண்டலூர் தாண்டியதும் ரோடு காலியாகக் கிடந்தது. அந்த நாலாவது கியரைப் போட்டேன். சத்தமே குறைந்துபோனது. வண்டி தன் போக்கில் போனது. 

பொத்தேரி வரும்போது ஓரக்கண்ணால் கீழே பார்த்தேன். செருப்பைக் கழற்றிவிட்டிருந்தார். கால் இரண்டையும் நீட்டி, எதையும் மிதிக்காமல், சும்மா வைத்திருந்தார்.

"நாளைக்கு எட்டு மணிக்குக் கிளம்பினாப் போதுமா?" என்று கேட்டார்.