சொல்லாவிட்டாலும் சரிபார்க்கும்

எண்பதுகளின் கடைசியில் மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் ஒரு நூல் மில்லில் கம்ப்யூட்டர் வேலையில் இருந்தேன். எந்த எந்திரத்தில் எத்தனை தடவை நூல் அறுந்தது என்று ஷிப்டு வாரியாகக் காட்டும் புரோகிராம் நான் எழுதியது. ஒரு மாதம் முழுக்க இரண்டாம் ஷிப்டின் முதல் எந்திரத்தில் அறுப்பு தாறுமாறாக ஏறி வந்தது. அதில் நின்றவர் என் அம்மா வயதுப் பெண். ஒருநாள் என் அறை வாசலில் வந்து நின்றார்.

"நான் கண்ணெடுக்காமத்தான் பாத்துக்கறனுங்க அம்மிணி. உங்க பெட்டியில எதாச்சும் கோளாறு இருக்குமுங்களா?"

புரோகிராம் ஓடும்போது ஒவ்வொரு அடியையும் பதிந்து காட்டும் கருவி ஒன்று கம்ப்யூட்டரோடு வந்திருந்தது. ஓர் எண் தன் அட்டவணையைத் தாண்டிப் போகிறதா என்பதை நாம் தனியாகச் சொல்லாவிட்டாலும், நாம் எழுதியதைக் கம்ப்யூட்டர் மொழிக்கு மாற்றும் கம்பைலர் சரிபார்க்கும், தாண்டினால் பதிவில் தெரியும் என்று அதன் கையேட்டில் அச்சிட்டிருந்தது. மூன்று நாள் ஓட்டினேன். பதிவு சுத்தமாக இருந்தது. புரோகிராமில் தப்பில்லை என்று மேனேஜரிடம் சொன்னேன். அந்த வாரமே அந்தப் பெண்ணை நிறுத்திவிட்டார்கள்.

நாலைந்து மாதம் கழித்து வேறொரு புரோகிராமில், என் கண்ணுக்கே தெரிந்த அட்டவணை மீறலைக் கருவி காட்டாமல் விட்டது. சந்தேகத்தில், சரிபார்க்கும்படி தனியாகச் சொல்லிப் பழைய புரோகிராமை ஓட்டினேன். உடனே காட்டிவிட்டது. ஒவ்வொரு ஷிப்டின் அட்டவணையிலும் நாற்பது எந்திரத்துக்குத்தான் நான் இடம் விட்டிருந்தேன். புதிதாக வந்த நாற்பத்தொன்றாவதன் முதல் ஷிப்டு அறுப்பெல்லாம் அடுத்திருந்த இரண்டாம் ஷிப்டு அட்டவணையின் முதல் இடத்தில் விழுந்துகொண்டிருந்தது. அது அந்தப் பெண்ணின் இடம்.

மேனேஜர் பொறுமையாகக் கேட்டார். அந்த இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று, இதை வெளியே விட்டால் நாளைக்கு ஒருத்தரும் அறிக்கையை மதிக்கமாட்டார்கள் என்றார். கம்ப்யூட்டர் விற்ற கம்பெனிக்கு இரண்டு கடிதம் போட்டேன். அடுத்து வந்த கையேட்டிலும், சொல்லாவிட்டாலும் சரிபார்க்கும் என்ற அதே வரி இருந்தது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை அந்தப் பெண்ணின் ஊருக்குப் போனேன். வீட்டு முன்னால் கூலிக்குக் கடலை உரித்துக்கொண்டிருந்தார். மகள் பள்ளிக்கூடத்தை விட்டுத் தறிக்குப் போவதாகச் சொன்னார். தப்பு என்னுடையதுதான் என்று ஒன்று விடாமல் சொன்னேன். கோபப்படுவார் என்று காத்திருந்தேன்.

"அன்னைக்குச் சொல்லியிருந்தா ஆகுமுங்க சாமி. இப்பச் சொல்லி என்ன பண்றது?"

குடிக்கத் தண்ணீர் கொடுத்துவிட்டு மறுபடி குனிந்து உரிக்கத் தொடங்கினார். நான் பஸ்ஸுக்கு நடந்தேன். அதன் பிறகும் ஆறு வருஷம் அதே மில்லில்தான் இருந்தேன்.