என் வீட்டில் நான் இருக்க ஒரு உறுதி

சென்ற வருடம் இளைய மகளின் கலியாணம் நிச்சயமாகியிருந்த நேரம், மட்டக்களப்பு டவுனில் காணி உறுதி எழுதும் ஒரு நொத்தாரிசு அலுவலகத்தில் நடந்தது இது.

நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். மேசன்மாருக்குக் கல் தூக்கிக் கொடுத்துத் தொழில் பழகி, பிறகு சொந்தமாகக் கொந்தராத்து எடுத்தேன். வாவிக்கரைப் பக்கம் எங்கள் ஊரில் பாதிச் சீதன வீடுகளுக்கு அத்திவாரம் போட்டது நான்தான். படித்த இஞ்சினியர்மார் கூட என்னிடம் யோசனை கேட்டிருக்கிறார்கள். இதைச் சொல்லாமல் என்னால் ஒரு கதையும் சொல்ல முடியாது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பக்கத்தில் பெண்ணுக்குத்தான் வீடு. மாப்பிள்ளை வந்து பெண் வீட்டில் குடியிருப்பார். மூத்தவளுக்கு ஒரு கல்வீடு கட்டிக் கொடுத்துவிட்டேன். மனைவி காலமான பிறகு நானும் இளையவளும் இருந்த வீடுதான் மிச்சம். அதை அவள் பெயருக்கு எழுத இருவருமாகப் போனோம்.

நொத்தாரிசு அம்மா எல்லாவற்றையும் வாசித்துவிட்டு, “ஐயா, உங்கட சீவிய உருத்த வச்சிட்டு எழுதுவமா?” என்று கேட்டார்.

“அதென்ன அது?”

“வீடு மகளுக்குத்தான். ஆனா நீங்க உயிரோட இருக்கிற வரைக்கும் அதுல இருக்கிற உரிமை உங்களுக்கு. ஆரும் உங்கள எழுப்ப ஏலாது.”

எனக்கு ரோசம் வந்துவிட்டது. “ஊருக்கெல்லாம் வீடு கட்டிக் குடுத்தவன் நான். என்ட மகள்ட வீட்டுல நான் இருக்கிறதுக்கு ஒரு கடதாசி வேணுமா?” என்று சத்தமாகவே கேட்டேன். அவர் சிரித்துவிட்டு, “வெளிய இருந்து யோசிச்சிட்டு வாங்க ஐயா” என்றார். மகள் அடையாள அட்டையைப் பிரதி எடுக்கப் பக்கத்துக் கடைக்குப் போனாள்.

வெளி விறாந்தையில், ஃபேனுக்குக் கீழே கிடந்த வாங்கில் தொப்பியும் சாரனுமாக ஒரு காத்தான்குடிக்காரர் இருந்தார். என்னைவிட மூத்தவர்; முஸ்லிம் அண்ணன்மாரை எங்கள் பக்கத்தில் காக்கா என்றுதான் கூப்பிடுவோம். “தம்பி நல்ல சத்தமாத்தான் கதைக்கிறீங்க. நானும் இப்பிடித்தான் கதைச்சன்” என்றார்.

“ஏன் காக்கா, மருமகன் துரத்திப் போட்டாரா?” என்று நக்கலாகக் கேட்டேன்.

அவர் கோபிக்கவில்லை. ஒருவரும் துரத்தவில்லையாம். மகள் நல்லவள், மருமகனும் தங்கமான ஆள். வீட்டை முழுதாக எழுதிக் கொடுத்துவிட்டுப் பின் அறைக்குப் போனாராம். ஒருநாள் பழைய கூட்டாளி ஒருவரைத் தேநீர் குடிக்கக் கூட்டிக்கொண்டு வந்திருக்கிறார். கூட்டாளி போன பிறகு, “மாமா, ஆக்கள் வாறண்டா முதல்ல ஒரு சொல்லுச் சொல்லுங்க” என்றாராம் மருமகன், மிகவும் மரியாதையாக. அதற்குப் பிறகு இவர் ஒருவரையும் வீட்டுக்குக் கூப்பிடவில்லை.

“ஆரும் ஏசல்ல தம்பி. அதுதான் பொல்லாத வேலை. ஏசினா நாமளும் திருப்பி ஏசலாமே.”

“இண்டைக்கு இங்க என்ன அலுவலா வந்தீங்க?” என்று கேட்டேன்.

“அலுவல் ஒண்டுமில்ல. ஃபேன் ஓடுது, இரிக்கன்” என்றார்.

எழுந்து உள்ளே போய், “சீவிய உருத்த வச்சே எழுதுங்க அம்மா” என்றேன். திரும்பி வந்த மகளின் முகம் வாடிவிட்டது.

“மாப்பிள்ளை ஆக்கள் என்ன நினைப்பாங்க அப்பா? என்னில நம்பிக்கை இல்லையா?”

“நம்பிக்கை இரிக்கி மகள். ஆனா நான் ஒருநாளும் உன்னட்ட உத்தரவு கேட்டு நிக்கக் கூடா. அப்பத்தான் நீ எனக்கு மகளா இருப்பாய்.”

நான் கையெழுத்துப் போட்டேன். என் பெயரில் இருந்த வயல் வட்டைக் காணியை அப்போது ஒருவருக்கும் எழுதவில்லை. எனக்குப் பிறகு இருவருக்கும் சரிபாதி என்று மரண சாதனம், அதாவது உயில், முடித்து, அது எங்கே இருக்கிறது என்பதையும் பிள்ளைகளுக்குச் சொல்லிவிட்டேன். மாப்பிள்ளை வீட்டார் சில நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தார்கள். கலியாணம் நிற்கவில்லை.

இப்போது மகளும் மருமகனும் உத்தியோகத்துக்காக வவுனியாவில். லீவுக்கு வருவார்கள். மற்ற நாட்களில் இந்தப் பெரிய வீட்டில் நான் ஒருவன்தான். ஒரு சுண்டு அரிசி போட்டால் இரண்டு நேரத்துக்கும் மிஞ்சும். பின்னேரத்தில் வாவிக் காற்றுக்குக் கதவுகள் அடித்துக்கொள்ளும்போது, யாரோ வந்துவிட்டார்கள் என்று எட்டிப் பார்ப்பேன்.

டவுனுக்குப் போகும்போதெல்லாம் அந்த அலுவலகத்துக்குள் ஒருமுறை தலையை நீட்டிப் பார்ப்பேன். அந்தக் காக்கா இல்லை. அவர் பெயரைக் கூட நான் கேட்டு வைக்கவில்லை. கண்டால் வீட்டுக்குக் கூட்டிவந்து, விறாந்தையில் இருத்தி, தேநீர் கொடுக்க வேண்டும். யாரையும் கேட்காமல் அப்படி ஒருவரை அழைத்துவர எனக்கு இன்றைக்கு உரிமை இருக்கிறதென்றால், முன்பின் தெரியாத எனக்காகத் தன் வெட்கத்தை விட்டுப் பேசிய அந்த மனிதர்தான் அதற்குக் காரணம்.