பதினான்கு சீட்டு அகலம்

பன்னிரண்டு லொத்தர் சீட்டுகள் சுலபமாக நுழைந்துவிட்டன. பதின்மூன்றாவதை விரலால் ஒரு தட்டுத் தட்டவேண்டியிருந்தது. பதினான்காவதைச் சிவானந்தன் நெற்றியைச் சுவரில் முட்டுக்கொடுத்து, மூச்சை அடக்கிக்கொண்டு செருகினார். அதுவும் போய்விட்டது. சீட்டுக்கட்டை உருவி எடுத்தார். சட்டைப்பையிலிருந்த சின்னக் கொப்பியைத் திறந்து, 'காலை 5.35. பின்னறை. பதினாலு' என்று எழுதிக் கையெழுத்தும் வைத்தார். சொந்த வீட்டுச் சுவரைப் பற்றிச் சொந்தக் கொப்பியில் எழுத எதற்கையா கையெழுத்து என்று கேட்டால், "ஆர் பாத்தது எண்டு நாளைக்குக் கேப்பினமே" என்பார்.

சீட்டெல்லாம் மனைவி ஆனந்தி வாங்கியவை. கிழமைக்கு இரண்டு சீட்டு என்று பதினைந்து வருடமாக வாங்குகிறாள், ஒரு பரிசும் விழுந்தபாடில்லை. விழாத சீட்டுகளையும் அவள் எறிவதில்லை. பத்துச் சீட்டை அடுக்கினால் ஒரு மில்லிமீற்றர் என்பதைச் சிவானந்தன் அடிமட்டம் வைத்துப் பார்த்திருக்கிறார். சுவர் வெடிப்பை அளக்க உலகத்தில் என்னென்னவோ கருவிகள் இருக்கும். கொழும்பு கொட்டாஞ்சேனையில் இந்தச் சந்து ஒழுங்கைக்குள் இருப்பது இதுதான்.

மனிதருக்கு ஐம்பத்தேழு வயது. முகத்துவாரத்தில் மீன் வைக்கும் குளிரறை ஒன்றில் இருபத்தாறு வருடமாக வேலை. இரண்டு மணிக்கொருதரம் உள்ளே போய், வெப்பமானியைப் பார்த்து, எழுதி, கையெழுத்து வைக்கவேண்டும். இருபத்தாறு வருடம் இதையே செய்த மனிதன் வேறெப்படி இருப்பான்? கலியாண வீட்டுக்குப் போனாலும் ஐஸ்கிறீம் பெட்டியில் கை வைத்துப் பார்த்து, "இது காணாது, மைனஸ் பதினெட்டு வேணும்" என்று சொல்லிவிட்டு வருவார். வெளியே இறங்கினால் வியர்த்துக் கொட்டும். "இந்த வெக்கையில ஆக்கள் எப்பிடித்தான் சீவிக்கினமோ" என்று, தானும் அதே வெக்கைக்குள் பிறந்து வளர்ந்தவர் என்பதை மறந்து அங்கலாய்ப்பார். மற்றபடி பேச்சுக் குறைவு. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் என்று ஆனந்தி பல்லைக் கடிப்பாள்.

வெடிப்பு எப்படி வந்தது என்று சொல்லவேண்டும். கொழும்புக் கோட்டையில் புறப்பட்டு, கொட்டாஞ்சேனைக் கூரைகளுக்கு மேலால், களனி கங்கையைத் தாண்டி, வத்தளை வழியாக வடக்கே ஓடப்போகிறதாம் ஓர் அதிவேக ரயில். மணிக்கு இருநூறு கிலோமீற்றர். வத்தளையிலிருந்து பஸ்ஸில் வந்துசேர ஒரு மணித்தியாலம் எடுக்கிற சனத்துக்கு இதைக் கேட்டால் சிரிப்பு வராமல் என்ன செய்யும்! ரயில் போவது தூண்களின் மேலே. தூண்கள் நிற்பதற்கு நிலத்துக்குள் கொங்கிறீற் கால்களை அடித்து இறக்கவேண்டும். அதற்கு ஒழுங்கையின் பின்னால் ஓர் இயந்திரம் வந்து நின்றது. ஒழுங்கைக்காரர் அதைச் சம்மட்டி என்றார்கள். காலை எட்டுக்குத் தொடங்கி மாலை ஐந்து வரை அடிக்கும். ஒவ்வோர் அடிக்கும் சாமிப்படம் ஆடும், தட்டுமுட்டுச் சாமான் ஆடும், வயிறும் ஆடும். மூன்றாம் நாள் பின்னறைச் சுவரில் தலைமயிர் போல ஒரு கோடு விழுந்தது. இரண்டு சீட்டு. அன்றைக்குத் தொடங்கிய கொப்பி.

பின்னறைச் சுவர் சும்மா சுவரல்ல. மேல்மாடி முழுவதையும் தாங்கி நிற்பது அது. இருபது வருடச் சம்பளத்தைச் சேர்த்துக் கட்டிய மாடி. இன்னும் இருபத்திரண்டு கால்கள் அடிக்கக் கிடந்தன. அடிக்காமல், நிலத்தைத் துளைத்துக் கால் இறக்கும் முறையும் உண்டு. அதற்கு ஐந்து மாதம் கூட எடுக்கும் என்று கொம்பனி மறுத்துவிட்டது. "வீடுகள் பழசு, வெடிப்புகளும் பழசு" என்று கடிதமும் எழுதியது. ஒழுங்கையில் இரும்புச்சாமான் கடை வைத்திருக்கும் ராசிக் படங்களை எடுத்து அனுப்பினார். இவை எந்த வீட்டுச் சுவராகவும் இருக்கலாம் என்று பதில் வந்தது. ராசிக் விடுகிற ஆளா? ரயில் திட்டத்தை விசாரிக்கும் பாராளுமன்றக் குழுவுக்கு ஆறு வீட்டுக்காரரின் கையெழுத்தோடு மனுப் போட்டார். குழுவும் கூப்பிட்டது.

பாராளுமன்றத்துக்குப் போவதற்குச் சிவானந்தன் குளிரறைச் சப்பாத்தைத்தான் போட்டுக்கொண்டு போனார். வேறு சப்பாத்து அவரிடம் இல்லை. அங்கே நீண்ட மேசை, முன்னால் ஒலிவாங்கிகள். செலவு ஏன் இரண்டு மடங்கானது, பாதை ஏன் மூன்றுதரம் மாறியது என்று உறுப்பினர்கள் கேட்க, அதிகாரிகள் கோப்புகளைப் புரட்டினார்கள். கொம்பனியின் பக்கம் இருந்தவர் பொறியியலாளர் விக்ரமன். முப்பத்தைந்து வயதிருக்கும், நல்ல மரியாதைப்பட்ட பிள்ளை. அதிர்வால் ஒரு வீட்டுக்கும் சேதமில்லை என்று மூன்று மொழியிலும் அழகாகச் சொன்னார். பிறகு சிவானந்தனுக்கு ஐந்து நிமிடம் கொடுத்தார்கள்.

சிங்களம் அவருக்குத் தண்ணீர் பட்ட பாடு. ஆனால் கொப்பி தமிழில் இருந்தது. அதை மாற்றி வாசிப்பது கணக்கை மாற்றுவது போல அவருக்குப் பட்டது. தமிழிலேயே வாசித்தார். "மார்ச் நாலு, காலை அஞ்சு முப்பத்தஞ்சு, பின்னறை, ரெண்டு சீட்டு. மார்ச் அஞ்சு, காலை அஞ்சு முப்பத்தஞ்சு, பின்னறை, ரெண்டு சீட்டு." மொழிபெயர்ப்பைக் காதில் கேட்ட உறுப்பினர் ஒருவர், எங்கே போகிற பஸ்ஸுக்குச் சீட்டு என்று கேட்டார். மேசை முழுவதும் சிரித்தது. சிவானந்தன் சிரிப்பு அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, "மார்ச் ஆறு" என்று தொடர்ந்தார்.

வெளியே வந்ததும் ராசிக் தலையில் அடித்துக்கொண்டார். "என்ன அண்ணே நீங்க, அழுது கிழுது சொல்லுவீங்கன்னு பார்த்தா, லொத்தர் சீட்டுக் கணக்கு வாசிக்கிறீங்களே!"

"ராசிக் நானா, அழுகையை அளக்கேலாது."

ஆனால் குழுவின் தலைவருக்கு அந்தக் கொப்பி எங்கேயோ தைத்திருக்கவேண்டும். பத்தாம் நாள் கடிதம் வந்தது. குழு நேரில் வரும். நேரம் குறைவென்பதால் ஒரு வீட்டை மட்டும் பார்க்கும். அது சிவானந்தனுடைய வீடு. அங்கே காண்பதை வைத்துத்தான் அடிப்பதா துளைப்பதா என்று பரிந்துரைக்கும். ஆறு குடும்பத்தின் கூரையும் ஒரு சுவரில் வந்து நின்றது.

இப்போது ஆனந்தியின் பக்கத்தையும் சொல்லாவிட்டால் பாவம். வெள்ளவத்தையில் அவளுடைய தங்கை கடல் பார்த்த ஃபிளாட்டில் இருக்கிறாள். கொட்டாஞ்சேனைப் பேச்சு எடுத்தாலே மூக்கைச் சுளிப்பாள். குழு வந்தால் கமராவும் வரும், தங்கையும் பார்ப்பாள். "பாராளுமன்ற ஆக்கள் வந்து இருக்கிற முன்னறை இப்பிடியே கிடக்கிறது? என்ர மானம் போகும்" என்று அலவி பாஸைக் கூப்பிட்டாள். வத்தளையிலிருந்து வரும் பூச்சு வேலைக்காரர், தங்கமான மனிதர். முன்னறையை மட்டும் அடித்தால் போதும் என்று நூறுதரம் சொல்லிவிட்டு, நல்ல கோப்பைகள் இரவல் வாங்க வெள்ளவத்தைக்குப் போனாள். சிவானந்தன் அன்றைக்குப் பகலும் இரவும் சேர்த்து வேலையில்.

அவள் திரும்பி வந்தபோது முன்னறை பாற்கட்டி போல இருந்தது. பின்னறையும் பாற்கட்டி போல இருந்தது.

"ஃபில்லர் பசை கொஞ்சம் மிஞ்சிச்சு தங்கச்சி. எறியிறது பாவம்தானே. உள்ள பெரிய வெடிப்பொண்டு கிடந்திச்சு, நல்லா அடைச்சு ரெண்டு கோட்டும் அடிச்சிட்டன். அதுக்குச் சல்லி வேணாம்" என்றார் அலவி பாஸ், முகமெல்லாம் சிரிப்பாக.

பிள்ளையார் பிடிக்கப் போய்க் குரங்காய் முடிந்தது என்பார்களே, அது இதுதான். அந்த மனிதரைத் திட்ட ஆனந்தியால் முடியவில்லை. தேத்தண்ணீர் கொடுத்து அனுப்பினாள். கணவனுக்குச் சொல்லவும் வழியில்லை, குளிரறைக்குள் போன் கொண்டுபோக விடமாட்டார்கள்.

மறுநாள், குழு வரும் நாள், காலை ஏழு மணிக்குச் சிவானந்தன் வந்தார். பின்னறை வாசலில் நின்றார். புதுப் பூச்சின் மணம் மூக்கில் ஏறியது. ஆனந்தி சுவரோடு ஒட்டி நின்று, "என்னை அடிச்சாலும் அடியுங்கோ" என்று விம்மினாள். அவர் கையை ஓங்குகிற மனிதரே அல்ல என்பது அவளுக்குத் தெரியும். ஆனாலும் அன்றைக்கு அப்படித்தான் வாயில் வந்தது. அவருக்குக் கோபம் உச்சந்தலைவரை ஏறியது. பிறகு அவளுடைய வீங்கிய கண்ணைப் பார்க்க அது வடிந்து, ஒரு பெரிய துக்கம் வந்து உட்கார்ந்தது. நான்கு மாதம் கண் விழித்து அளந்ததை ஒரு நல்ல மனிதன் அரை மணித்தியாலத்தில் இலவசமாக அழித்துவிட்டானே! சுவரைத் தடவிப் பார்த்தார். உள்ளே ஒரு கோடும் கைக்கு அகப்படவில்லை.

ராசிக் திருப்புளியோடு ஓடி வந்தார். "பத்து மணிக்குத்தானே வாறாங்க. கீறித் தோண்டி எடுத்திருவோம் அண்ணே!"

"வேண்டாம்."

"ஏன்?"

"நான் கீறினா அது என்ர வெடிப்பு. சம்மட்டியின்ர வெடிப்பு இல்லை."

"ஆறு வீடு அண்ணே! உங்க நேர்மையைக் கொண்டுபோய் எங்க வைக்கிறது?"

சிவானந்தன் முகம் கழுவி, வேறு சட்டை போட்டுக்கொண்டு வந்து உட்கார்ந்தார்.

பத்தரைக்கு வந்தார்கள். தலைவர், மூன்று உறுப்பினர்கள், அமைச்சின் அதிகாரி, கமரா தூக்கியவர், கடைசியாக விக்ரமன். எட்டு மணிக்கே தொடங்கவேண்டிய சம்மட்டி அன்றைக்குச் சத்தமே காட்டவில்லை. இயந்திரம் பழுதாம். ஒழுங்கையில் நான்கு மாதத்துக்குப் பிறகு காகம் கத்துவது கேட்டது. வெள்ளவத்தைக் கோப்பைகளில் ஆனந்தி தேநீர் கொடுத்தாள். எல்லோரும் பின்னறைக்குப் போனார்கள்.

தலைவர் சுவரை மேலிருந்து கீழாக, கீழிருந்து மேலாகப் பார்த்தார். வெடிப்பு எங்கே என்று சிங்களத்தில் கேட்டார்.

"நேத்துப் பெயின்ட் அடிச்சிட்டாங்க சேர்!" என்று ராசிக் பாய்ந்தார். சொன்ன பிறகுதான் அது எவ்வளவு கேவலமாகக் காதில் விழுகிறது என்று அவருக்கே தெரிந்தது. வெடிப்பைக் காட்டக் கூப்பிட்டவர்கள் வெடிப்பை ஏன் மூடினார்கள் என்று ஓர் உறுப்பினர் கேட்டார். ஆனந்தி சேலைத் தலைப்பை வாயில் வைத்துக்கொண்டாள்.

விக்ரமன் குத்திக்காட்டவில்லை. மெதுவாகத்தான் சொன்னார். "அங்கிள், உங்கட கவலை எனக்கு விளங்குது. ஆனா சுவர் நல்ல உறுதியாத்தான் இருக்கு. நீங்க பயப்பட ஒண்டுமில்லை." அதையே தலைவருக்கும் சிங்களத்தில் சொன்னார். தலைவர் மணிக்கூட்டைப் பார்த்தார். அதிகாரி வாசலைப் பார்த்தார்.

சிவானந்தன் முன்னறைக்குப் போனார். நடுவில் போட்டிருந்த கைபிடி நாற்காலியைத் தூக்கிக்கொண்டு வந்து, பின்னறைச் சுவரோடு அதன் முதுகு முட்டும்படி வைத்தார். துவாயால் ஒருதரம் துடைத்தார்.

"தம்பி, இதில இருங்கோ."

"பரவாயில்லை அங்கிள், நான் நிக்கிறன்."

"இல்லை, இருங்கோ. உறுதியான சுவர்தானே." பிறகு தலைவரின் பக்கம் திரும்பினார். சிங்களத்தில்தான் சொன்னார், குளிரறையில் கணக்கு ஒப்புவிக்கிற அதே குரலில். "நான்கு மாதமாக நிறுத்தச் சொல்லிக் கேட்ட நான்தான் இப்போது கேட்கிறேன் ஐயா. சம்மட்டியை அடிக்கச் சொல்லுங்கள். இந்தத் தம்பி இங்கே இருக்கட்டும். பத்து அடி போதும்."

"மெஷின் பழுது" என்றார் விக்ரமன்.

தலைவர் அமைச்சின் அதிகாரியைப் பார்த்தார். அதிகாரி தொலைபேசியை எடுத்து யாருடனோ இரண்டு வார்த்தை பேசினார். பழுது இல்லையாம், இரண்டு நிமிடத்தில் தொடங்கலாமாம் என்று, விக்ரமனின் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். வளவுக்குப் பின்னால் டீசல் இயந்திரம் இருமிக்கொண்டு உயிர் பெற்றது. ஆனந்தி, "ஐயோ, மாடி" என்று முனகினாள். சிவானந்தனுடைய மாடியும்தானே அது. ஆனாலும் அவர் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

"உட்காருங்கள், இஞ்சினியர்" என்றார் தலைவர்.

கமரா விக்ரமனின் பக்கம் திரும்பியது. அவர் சிரித்தபடி நாற்காலியை அணுகி, கைபிடியில் கை வைத்தார். கண்கள் ஒருதரம் சுவரின் உச்சிக்கு, மாடியைத் தாங்கும் இடத்துக்குப் போய் வந்தன. பிறகு, உட்காருவதற்கு முன், நாற்காலியை இரண்டு கையாலும் பிடித்து, தரையில் கிறீச்சிட இரண்டு முழம் முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டார்.