பக்கத்து அடுப்பில் கோகம் வெண்ணெய்

என் ஓரகத்தி மாலதியின் குதிகால் பளபளக்கிறது. இந்தப் பயணத்துக்கு இதைவிடப் புனிதமான காரணம் எதுவும் கிடையாது.

புனேயின் வானவடிப் பகுதியில் இருக்கும் அவள், கோகம் என்ற புளிப்புப் பழத்தின் விதையிலிருந்து கிராமத்துப் பெண்கள் எடுக்கும், பாதவெடிப்புக்குப் பூசும் வெண்ணெயை டப்பாவில் அடைத்து, ஆப்பிரிக்க ஷியா வெண்ணெய்க்குப் போட்டியாக ‘நம்ம ஊர் ஷியா’ என்று பெயர் ஒட்டி விற்கிறாள். தீபாவளிக்கு எனக்கும் ஒரு டப்பா கொடுத்தாள். இலவசமாக! அதைத்தான் தாங்க முடியவில்லை. எங்கே வாங்குகிறாய் என்றால், “மலைக்கு அந்தப் பக்கம்க்கா” என்று கையை ஆட்டினாள். டப்பாவின் அடியில் ஊர்ப் பெயர் இருந்தது. மூக்குக் கண்ணாடி எதற்கு இருக்கிறது?

நவம்பரில் ஒரு சனிக்கிழமை, காலை ஆறரைக்கு, அதே புனேயில் நாங்கள் இருக்கும் கட்கியிலிருந்து காரில் கிளம்பினோம். முள்சி ஏரி, தாம்ஹிணி மலைப்பாதை வழியாக நூற்றுப்பத்து கிலோமீட்டர். வழியில் காலைப் பலகாரம், காரமான பயறுக் குழம்போடு இரண்டு தட்டு மிசல், நூற்றறுபது ரூபாய்.

“ஒரு டப்பாவுக்கு இவ்ளோ பெட்ரோலா?” என்றார் வீட்டுக்காரர்.

“டப்பாவுக்கு இல்லீங்க, நியாயத்துக்கு.”

பத்தே காலுக்குப் போய்ச் சேர்ந்தோம். தகரக் கொட்டகைக்குள் ஆறு அடுப்புகள், புகையோடு கலந்த புளிப்பு வாசனை. விதையை இடித்து, தண்ணீரில் கொதிக்கவிட்டு, மிதக்கும் கொழுப்பை வழித்தெடுத்து, ஆறியதும் உருண்டை பிடிக்கிறார்கள். நடு அடுப்புகளில் இரண்டு பெண்கள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, பந்தயம் கட்டியதுபோல் வழித்துக்கொண்டிருந்தார்கள்.

“ரெண்டு பேரும் ஜாவு” என்றாள் குழுத் தலைவி ஷோபா தாயி. ஜாவு என்றால் மராத்தியில் ஓரகத்தி; தாயி என்றால் அக்கா. “ரெண்டு வருஷமா பேச்சே கிடையாது.”

“அப்புறம் ஏன் பக்கத்துப் பக்கத்துல?”

“தள்ளி உட்கார வெச்சப்போ மத்தியானமே வீட்டுக்குப் போயிடுவாங்க. இப்ப அவ எழுந்திருக்காம இவ எழுந்திருக்க மாட்டா. இந்த வெண்ணெயிலதான் ரெண்டு வீட்டுப் பொண்ணுங்களும் காலேஜ் போகுது.”

நான் வந்த காரியத்துக்கு வந்தேன். “மாலதிக்குக் கொடுக்கறதை நிறுத்திட்டு எனக்கே கொடுங்களேன்.”

“மாலதி தாயி உங்களுக்கு என்ன வேணும்?”

தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னேன். “ஜாவு.”

அகப்பைகள் நின்றன. இரண்டு வருஷமாகப் பேசாத அந்த இருவரும் ஒருவரையொருவர் பார்த்துச் சிரித்தார்கள். என்னைப் பற்றித்தான்.

ஷோபா தாயி மட்டும் சிரிக்கவில்லை, யோசித்தாள். “வானவடியில விக்கறது அவங்க. உங்க கட்கி காலியாத்தான் இருக்கு. நீங்க எடுத்துக்கோங்க.”

ஐந்து கிலோவோடு வெற்றிவீராங்கனையாகத் திரும்பினேன். மலைப்பாதையைத் தாண்டி செல்லில் சிக்னல் வந்ததும் மாலதியின் போன்.

“அக்கா, அஞ்சு கிலோவாமே! ஷோபா தாயி சொன்னாங்க. நல்லாப் பண்ணுங்கக்கா. நான் பத்து கிலோ சொல்லிட்டேன்.”

“வண்டியைத் திருப்புங்க” என்றேன். வீட்டுக்காரர் திருப்பவில்லை, ரேடியோவின் சத்தத்தைத்தான் கூட்டினார்.

போக நினைப்பவர்களுக்கு: போகவர பெட்ரோல் சுமார் ஆயிரத்தைந்நூறு ரூபாய். ஞாயிறன்று கொட்டகை பூட்டியிருக்கும். வெண்ணெயை வெயிலில் நிற்கும் காரில் விட்டுவிடாதீர்கள், உருகிவிடும். மலைப்பாதையில் சிக்னல் கிடையாது, குடும்பத்துக்கு நல்லது.

இந்த வாரம் இருபது கிலோ சொல்லியிருக்கிறேன். மாலதி இருபத்தைந்தாம். ஷோபா தாயி ஏழாவது அடுப்பு கட்டுகிறாளாம். அவள் என்னை எங்கே உட்கார வைத்திருக்கிறாள் என்பது புரியாமல் இல்லை. எழுந்துவிடலாம்தான். மாலதி முதலில் எழுந்திருக்கட்டும்.