கச்சான் காற்றில் தீட்டிய கத்திகள்

இலங்கை மலைநாட்டில் ரயில் அப்போது பண்டாரவளையோடு நின்றுவிடும். அதற்கப்பால் மாட்டு வண்டிதான் கதி. பதுளையில் என் கடையை ஆட்களிடம் விட்டுவிட்டுக் காலை ஐந்து மணிக்கு வண்டி ஏறினேன். பசறைக்குப் பதினோரு மைல், கூலி ஒன்றரை ரூபாய். ஆவணி மாதத்து வறண்ட கச்சான் காற்று புழுதியை வாரி முகத்தில் அடித்தது. இரண்டு மாதமாகப் பொட்டு மழை இல்லையென்று வண்டிக்காரர் வழியெல்லாம் புலம்பினார். பசறையில் ரொட்டியும் தேநீரும் ஐந்து சதம். அங்கிருந்து வேறு வண்டி. கடைசி நான்கு மைல் மடுல்சீமை ஏற்றத்தை நடந்தே கடந்தேன். போய்ச் சேரும்போது பொழுது சாய்ந்துவிட்டது.

என் அக்காள் புருஷன் அங்கே ஒரு தோட்டத்தில் கணக்கப்பிள்ளை; ஆட்களுக்கு வேலையைப் பிரித்துக் கொடுத்து மேற்பார்ப்பவர். அவருக்கு மேலே சின்ன துரை. சீமையிலிருந்து கப்பலேறி வந்து ஐந்து மாதந்தான், மீசை இன்னும் சரியாக முளைக்கவில்லை. இருவருக்கும் மேலே பெரிய துரை.

மறுநாள் காலை ஆறு மணிக்குப் பெரட்டுப் பார்க்கப் போனேன். அன்றைய வேலையை அறிவிக்க எல்லோரையும் கூட்டுவதற்கு அந்தப் பெயர். சின்ன துரை இருபது பேரை நாலாம் நம்பர் மலையில் கவ்வாத்து வெட்டச் சொன்னார். கடைக்காரனான எனக்கே தூக்கிவாரிப் போட்டது. மழையில்லாத நாளில் தேயிலைச் செடியைக் குறைத்து வெட்டினால் செடி கருகிப் போகும். ஆட்கள் கணக்கப்பிள்ளையான என் மச்சான் முகத்தைப் பார்த்தார்கள். அவர், "சரிங்க தொரை" என்றார். நாலு பேர் முன்னால் துரை பேச்சை மறுப்பது அங்கே வழக்கமில்லை.

ஆனால் அந்த இருபது பேரை அவர் மலைக்கு அனுப்பவில்லை. ஓடைக்கரைக்கு அனுப்பி, கத்திகளெல்லாம் மழுங்கியிருக்கின்றன, நன்றாகத் தீட்டுங்கள், அவசரமில்லை என்றார். பிறகு சின்ன துரையைத் தனியே அழைத்துப்போய், ஒரு செடியின் அடியைக் கிளறி மண்ணை அவர் கையில் வைத்தார். மண் மாவாக உதிர்ந்தது. துரையின் முகம் வெளுத்துவிட்டது.

பத்து மணிக்கு, யாரும் எதிர்பாராமல் பெரிய துரை குதிரையில் வந்தார். கத்திகளைக் கண்டதும், இந்தக் காற்றில் கவ்வாத்தா, யார் சொன்னது என்று சீறினார். உண்மை தெரிந்தால் சின்ன துரைக்கு அடுத்த கப்பல்தான்.

"யாரும் சொல்லலீங்க தொரை. மழைக்கு முந்தித் தீட்டி வைப்போம்னு நாந்தான் ஆளுகள உக்கார வச்சேன்" என்றார் மச்சான்.

வேலை நாளில் இருபது பேரைச் சும்மா உட்கார வைத்ததற்கு எல்லார் காதுபடத் திட்டு விழுந்தது. இன்னொரு தரம் இப்படி நடந்தால் பெண்டாட்டி பிள்ளைகளோடு மலையை விட்டு இறங்க வேண்டியதுதான் என்றார் பெரிய துரை. சின்ன துரை தன் பூட்ஸைப் பார்த்தபடி நின்றார்.

சாயங்காலம், அடுத்தவர் தப்பை ஏன் தலையில் போட்டுக்கொண்டீர்கள் என்று மச்சானிடம் சண்டையே போட்டேன். அவர் நிதானமாகச் சோற்றைப் பிசைந்துகொண்டே சொன்னார்: "இவர அனுப்பிட்டா இன்னொருத்தர் வருவாரு மாப்ள. நான் மறுபடியும் மொதல்லேருந்து ஆரம்பிக்கணும். ஏற்கெனவே மூணு பேரப் பழக்கி விட்டாச்சு."

நான் சிரித்துவிட்டேன். அக்காள் சிரிக்கவில்லை. மூன்று பிள்ளைகளோடு எங்கே போவது என்ற பயம் அவள் முகத்தில் அப்படியே இருந்தது.

மூன்றாம் நாள், கிளம்புமுன் மறுபடியும் பெரட்டுக்குப் போனேன். சின்ன துரை எல்லோருக்கும் எதிரில் மச்சானைக் கூப்பிட்டார். "கணக்கப்பிள்ளை, இன்னைக்கு என்ன வேலை? நீ சொல்லு" என்றார்.

துரை கணக்கப்பிள்ளையைக் கேட்டு அதுவரை யாரும் பார்த்ததில்லை. மன்னிப்புக் கேட்க அந்த இளம் துரைக்குத் தெரிந்த வழி அது. மச்சான் ஒரு கணமும் தாமதிக்கவில்லை.

"நேத்து சாயங்காலம் நீங்க சொன்னபடிதாங்க தொரை. ஆறாம் நம்பர் மலையில கொழுந்து பறிக்கிறது."

நேற்றுச் சாயங்காலம் துரை ஒன்றும் சொல்லவில்லை. மச்சான் முழு நேரமும் என்னோடுதான் இருந்தார்.

இறக்கம் நெடுக என் கடை ஆட்கள் நாலு பேரையும் நினைத்துக்கொண்டு நடந்தேன். ஒன்பது வருஷத்தில் ஒரு நாள்கூட, நான் சொன்னது தப்பு என்று அவர்களில் ஒருவரும் சொன்னதில்லை. அதை என் கெட்டிக்காரத்தனம் என்றே இதுவரை நினைத்திருந்தேன்.