ஹாலில் ஒரு கணினி, அறையில் ஒரு கணினி

சிங்கப்பூர் சாங்கி விமான நிலையத்தில், சரக்குப் பிரிவில் முப்பது வருடம் ஷிப்ட் வேலை பார்த்தவன் நான். நான் வீடு திரும்பும்போது மனைவி தூங்கிக்கொண்டிருப்பாள். அவள் எழும்போது நான் குறட்டை விட்டுக்கொண்டிருப்பேன். ஓய்வு பெற்றதும் தினம் சாயங்காலம் அவளோடு உட்கார்ந்து ஒரு படமாவது பார்க்க வேண்டும் என்பதுதான் என் ஒரே ஆசை. ஊர் சுற்றுகிற திட்டமெல்லாம் எனக்கு இல்லை.

ஓய்வும் பெற்றேன். ஆனால் சிராங்கூனில் எங்கள் வீட்டில் மணி ஏழு அடித்தால் அவள் எழுந்து சின்ன அறைக்குப் போய்விடுவாள். மகள் கல்யாணமாகிப் போனபின் காலியாகிவிட்ட அறை. அங்கே மேசைமேல் ஒரு பழைய கணினி. காதில் ஹெட்ஃபோனை மாட்டிக்கொண்டு, திரையிலிருந்து ஒரு முழம் தள்ளி உட்கார்ந்து நாடகம் பார்ப்பாள். ஒரே ஒரு நாற்காலி. நான் வாசலில் நின்றால்கூட அவளுக்குத் தெரியாது. இத்தனை வருடம் தனியாகவே இருந்து பழகிவிட்டாள், இனி என்னோடு உட்கார இவளுக்குப் பிடிக்காது என்று நினைத்தேன். சொல்ல வெட்கமாக இருக்கிறது, பயந்தே போனேன்.

எனக்குப் பயம் வந்தால் அது கோபமாகத்தான் வெளியே வரும்.

"அந்தப் பொட்டிக்குள்ள அப்படி என்னதான் இருக்கு? ஹால்ல இவ்ளோ பெரிய டிவி சும்மா கெடக்குது!"

"எனக்கு அதுதாங்க வசதியா இருக்கு" என்றாள். அவ்வளவுதான். பேச்சு முடிந்துவிட்டது.

மறுநாளே சிராங்கூன் சாலையில் ஒரு கணினிக் கடைக்குப் போனேன். கடைக்காரருக்கும் என் வயதுதான் இருக்கும். டிவியோடு இணைக்கிற சின்னக் கணினி ஒன்றை எடுத்துக் காட்டினார். சாப்பாட்டு டப்பா அளவுதான் இருந்தது.

"மேசை கம்ப்யூட்டர் ஒரு ஆளுக்கு அண்ணே. வேலை பாக்க அது நல்லாத்தான் இருக்கும். படம் பாக்கணும்னா இதுதான் லா. டிவில மாட்டிட்டு சோஃபால சாஞ்சுக்கிட்டு ரிமோட்ட அமுக்குங்க. இது குடும்பத்துக்கு."

விசிறி எவ்வளவு சத்தம் போடும், எத்தனை படம் அதில் சேமித்து வைக்கலாம் என்றெல்லாம் அவர் விளக்கினார். எனக்கு அந்தக் கடைசிச் சொல்லே போதும், வாங்கிவிட்டேன்.

அன்று சாயங்காலமே அதை டிவியில் மாட்டினேன். அவளும் டிவி பக்கம் போய் எதையோ சரிசெய்துவிட்டு, வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள். எனக்குத் தலைகால் புரியவில்லை. படம் ஓட ஆரம்பித்ததும் ரிமோட்டை எடுத்துச் சத்தத்தைக் கூட்டினாள். "இதென்ன தியேட்டரா? பக்கத்து வீட்டுக்காரன் வந்து கதவத் தட்டப் போறான்" என்று நான் குறைத்தேன். கொஞ்ச நேரத்தில் மறுபடி கூட்டினாள், மறுபடி குறைத்தேன். அரை மணி நேரம் ஆகியிருக்கும், பெட்டி தானாக அணைந்துவிட்டது.

"சரி, மிச்சத்த நான் உள்ள போய்ப் பாத்துக்கிறேன்" என்று அவள் எழுந்துவிட்டாள்.

அன்றைக்கு மட்டுமில்லை, வாரம் முழுவதும் இதே கதைதான். அணைந்ததும் அவள் எழுந்து போகிற வேகத்தைப் பார்த்தால் எனக்கு வயிறு எரியும். கடைசியில் பெட்டியைக் கழற்றிக் கடைக்குத் தூக்கிப் போனேன். கழற்றும்போது அதன்மேல் பழைய பருத்திச் சேலைத் துண்டு ஒன்று நாலாக மடித்துச் சுற்றியிருந்தது. எங்கள் வீட்டில் மிக்சிக்கு உறை, ஃப்ரிட்ஜ் தலையில் பூப்போட்ட துணி, தையல் மெஷினுக்குப் போர்வை. தூசிக்காக இதையும் மூடியிருக்கிறாள் என்று நினைத்து உருவிப் போட்டேன்.

கடைக்காரர் மதியம்வரை ஓட்டிப் பார்த்தார். ஒரு தடவைகூட அணையவில்லை.

"மெஷின் ஓகே லா அண்ணே. சூடு ஏறுனாத்தான் அதுவா நின்னுடும். காத்து போற வழிய எதையாவது வச்சு மூடினீங்களா?"

அசடு வழிய வெளியே வந்தேன். பஸ் முழுக்க அவளை எப்படித் திட்டுவது என்று ஒத்திகை பார்த்தேன்.

"தூசிக்குப் பயந்து கம்ப்யூட்டருக்குப் போர்வ போத்துவாங்களா? ஒனக்குக் கொஞ்சமாவது..."

"தூசிக்கு இல்லைங்க" என்றாள். "அந்தச் சத்தத்துக்கு."

"எந்தச் சத்தம்?" எனக்கு ஒன்றும் கேட்டதில்லை.

"ம்ம்ம்னு ஒரு சத்தம் வருதுல்ல? அது பேச்ச முழுங்கிடுது. யாரு என்ன பேசுறாங்கன்னே எனக்குப் புரியல. துணி போட்டா கொஞ்சம் தேவல."

நான் சோஃபாவில் உட்கார்ந்துவிட்டேன். "எத்தன நாளா இப்படி?"

"ரெண்டு வருஷம் இருக்கும். ஹெட்ஃபோன் மாட்டுனா நல்லாக் கேக்குது. அதான் உள்ள போயிடுவேன்."

"அடிப்பாவி! என்கிட்ட ஏன் சொல்லல?"

"சொன்னா நீங்க பயந்துடுவீங்க. பயந்தா கத்துவீங்க." சிரித்தாள். "ஆனா ஒன்னு. இந்த வீட்டுல ஒரு வார்த்த விடாம எனக்குக் கேக்குறது உங்க சத்தம் மட்டும்தான். அதனால இத்தன நாள் ஓட்டிட்டேன்."

அவள் சத்தத்தைக் கூட்டியபோதெல்லாம் ரிமோட்டைப் பிடுங்கிக் குறைத்த கை இது. அதை எங்கே ஒளித்து வைப்பது என்று தெரியவில்லை. என்னோடு உட்காரத்தான் அந்தத் துணியையே போட்டிருக்கிறாள். நான் அதை உருவி எறிந்துவிட்டுக் கடைக்காரரிடம் நியாயம் கேட்கப் போயிருக்கிறேன். மன்னிச்சுக்கோ என்றேன். அவளுக்குக் கேட்கவில்லையோ என்று இன்னொரு தடவையும் சொன்னேன்.

"கேட்டுச்சு, கேட்டுச்சு" என்றாள்.

பாலிகிளினிக்கில் காது பார்க்கத் தேதி வாங்கினோம். இரண்டு வாரம் கழித்துத்தான் கிடைத்தது. தேதி வாங்கி வந்த அன்றே சாயங்காலம் ஏழு மணிக்கு அவள் ஹாலுக்கு வரப் பார்த்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு, சாப்பாட்டு மேசையிலிருந்து ஒரு நாற்காலியைத் தூக்கிக்கொண்டு சின்ன அறைக்குப் போனேன். மேசைக் கணினிக்கு முன்னால் இரண்டு நாற்காலி போட்டால் முழங்கை இடிக்கும். இடித்தது.

ஹெட்ஃபோனை அவள் காதில் மாட்டினேன். அதைச் செருகியதும் வெளியே சத்தம் நின்றுவிட்டது. எனக்கு வெறும் படம், வாய் மட்டும் அசைகிறது. பரவாயில்லை, பக்கத்தில் இருக்கிறாளே என்று பார்த்துக்கொண்டிருந்தேன். கொஞ்ச நேரத்தில் அவளுக்கே விஷயம் புரிந்துவிட்டது.

"ஊருக்கு வரமாட்டேன்கிறான்" என்றாள், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "அவ, போடா, நானே போறேங்கிறா. இப்ப அவன் அழறான்."

இப்படியே ஒவ்வொரு வசனமாகச் சொல்லிக்கொண்டு வந்தாள். நடுவில் படத்தை நிறுத்தி, ஒரு பக்கம் ஹெட்ஃபோனை விலக்கி, என் பக்கம் திரும்பினாள்.

"உங்களுக்குக் கேக்குதுல்ல?"

கேட்கிறது என்று தலையை மட்டும் ஆட்டினேன். வாயைத் திறந்திருந்தால் அழுதிருப்பேன்.