சம்பந்தி பெயர் போட்ட சனி

நான் மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவள். என் பேத்தி இப்போது மூன்றாம் வகுப்பு. அதனால் அவள் பள்ளியில் அறிவியல் கண்காட்சி வந்தபோது, வீட்டில் அவளுக்குச் சமமாகப் படித்த ஆள் நான்தான் என்று முடிவாகிவிட்டது. மகனுக்கு ஆவடி ஃபேக்டரியில் ஷிப்ட், மருமகளுக்கு அம்பத்தூரில் வேலை. சேக்காட்டு வீட்டில் மிச்சம் இருந்தது நானும் விஞ்ஞானமும்தான்.

பேத்திக்குப் பரிசெல்லாம் வேண்டாம். ஒரு மேசை வேண்டும், அவ்வளவுதான். போன வருஷம் மேசை கிடைக்காத பிள்ளைகளை, மேசை கிடைத்தவர்களின் சார்ட்டைப் பிடித்துக்கொண்டு நிற்க வைத்துவிட்டார்கள். எவளோ வரைந்த கடைவாய்ப் பல்லைப் பிடித்தபடி இவள் நாள் முழுக்கச் சுவராக நின்றாள். வந்தவர்கள் பல்லைப் பார்த்துவிட்டுப் போனார்கள். பல்லுக்குப் பின்னால் என் பேத்தி இருப்பது எனக்கே அவள் செருப்பைப் பார்த்துத்தான் தெரிந்தது.

இந்தமுறை டீச்சர் வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பியிருந்தார். மூன்றாம் வகுப்புக்குத் தலைப்பு சூரியக் குடும்பம். ஓடுவது, சுற்றுவது போன்ற ஒர்க்கிங் மாடல் எல்லாம் பெரிய வகுப்புக்கு. சின்னப் பிள்ளைகளுக்கு ஸ்டீல் மாடல் போதும். நன்றாகச் செய்தவர்களுக்கு மேசை. எனக்குச் சந்தேகம் வந்து திரும்பவும் போனைக் காதில் வைத்துக் கேட்டேன்.

"ஸ்டீலாடி சொல்றாங்க?"

"ஸ்டீல்தான் ஆயா. மிஸ்ஸே சொல்லிகீது."

எனக்கு நிம்மதியாகப் போயிற்று. தெர்மாகோல் வெட்டு, பெயின்ட் அடி என்றால் நான் முழித்திருப்பேன். ஸ்டீல் என்றால் பரணில் ஏறி இறங்கினால் தீர்ந்தது. அதிலும் குடும்பம் என்று வேறு சொல்லிவிட்டார்கள். எங்கள் வீட்டுப் பாத்திரங்களில் குடும்பமே இருக்கிறது. கல்யாணத்துக்கு வந்தது, காதுகுத்துக்கு வந்தது, எல்லாவற்றிலும் கொடுத்தவர் பெயரைக் கடைக்காரன் ஊசியால் குத்தி வைத்திருப்பான்.

சூரியனுக்கு அண்டா. அதில் என் வீட்டுக்காரர் பெயர். மனுஷன் உயிரோடு இருந்தபோதும் அப்படித்தான், நடுவில் உட்கார்ந்து சூடாகிக்கொண்டிருப்பார். வியாழனுக்குத் தண்ணீர்க் குடம். பூமிக்குப் பேத்தி பால் குடிக்கிற டம்ளர். செவ்வாய் சிவப்பாக இருக்க வேண்டும் என்றாள், ஒரு கிண்ணத்தில் மிளகாய்த்தூளைக் குவித்தேன். சனிக்குத்தான் வளையம் வேண்டுமாம். குடம் உட்கார வைக்கிற எவர்சில்வர் பிரிமணை ஒன்று சின்னதாக இருந்தது. அதை ஒரு சொம்பின் இடுப்பில் ஒட்டியாணம் போல ஏற்றினோம். சொம்பு ஒரு பக்கமாகச் சாய்ந்தது. புத்தகத்திலும் சாய்ந்துதான் இருக்கிறது என்று பேத்தி காட்டினாள். மீதி நாலு கோளுக்கும் சின்ன டப்பாக்கள். ஒவ்வொன்றின் மேலும் பேர் எழுதிய காகிதத்தை அவளே ஒட்டினாள்.

சனி என்று ஒட்டிய இடத்துக்கு நேர் மேலே மருமகளின் அம்மா பெயர் இருந்தது. பேத்திக்குக் காது குத்தியபோது பூந்தமல்லியிலிருந்து அவர் எடுத்து வந்த சொம்பு அது. மேலிருந்து கீழே படித்தால் ஆளின் பேரும் பட்டமும் மாதிரி அழகாக இருந்தது. வேறு சொம்பு இல்லையா என்று கேட்காதீர்கள். இருந்தது.

கண்காட்சி அன்றைக்கு எல்லாவற்றையும் ஆட்டோவில் ஏற்றினோம். ஆட்டோக்காரர் கண்ணாடியில் பார்த்துக்கொண்டே வந்தார்.

"இன்னாம்மா, ஊட்ட காலி பண்ணிகினு போறியா?"

"சூரியக் குடும்பம், நைனா. மெதுவா போ."

குடும்பத்தில் ஏதோ தகராறு என்று நினைத்திருப்பார். மெதுவாகவே ஓட்டினார்.

பள்ளியில் மற்றப் பிள்ளைகள் எல்லாம் உருண்டைக்கு வர்ணம் அடித்துக் குச்சியில் குத்திக்கொண்டு வந்திருந்தார்கள். நாங்கள் அண்டாவை இறக்கியதும் டீச்சர் ஓடி வந்து, சமையல் கட்டு பின்பக்கம் என்று வழி சொன்னார். இதுதான் ஸ்டீல் மாடல் என்றேன். அந்தப் பெண் கொஞ்ச நேரம் அண்டாவைப் பார்த்தது, பிறகு என்னைப் பார்த்தது.

"பாட்டிம்மா, ஸ்டீல் இல்ல, ஸ்டில். அசையாம ஒரே இடத்துல நிக்கிறதுக்குத்தான் ஸ்டில் மாடல்னு பேரு."

"இதுவும் நிக்கும்மா. எவர்சில்வர் எங்க போவப்போவுது?"

சொல்லி வாய் மூடவில்லை, வியாழன் போனது. குடத்துக்குத் தரையில் என்ன மரியாதை. வராந்தா முழுக்க உருண்டு, ஒன்றாம் வகுப்பு வாசலில் போய் முட்டி நின்றது. அசைகிறதை ஸ்டில்லில் எப்படி வைப்பது, மேசை கொடுக்க முடியாது என்று டீச்சர் சொல்லிவிட்டார். பேத்தி அழவில்லை. இரண்டு கையையும் முன்னால் நீட்டி, சார்ட் பிடிக்கிற மாதிரி வைத்துப் பார்த்துக்கொண்டாள். நான் டீச்சர் பக்கம் திரும்பினேன்.

"அசையுதுன்னு நீதானம்மா சொல்ற. அப்ப ஒர்க்கிங்ல சேத்துடு" என்றேன்.

அன்றைக்குப் பார்த்து ஐந்தாம் வகுப்புப் பையன்களின் தண்ணீர் ராக்கெட் காலையிலேயே காம்பவுண்டு சுவரைத் தாண்டிப் போய்விட்டதால், ஹாலில் ஃபேனுக்குக் கீழே ஒரு பெரிய மேசை காலியாக இருந்தது. டீச்சர் ஹெட்மிஸ்ட்ரஸிடம் போய்ப் பேசிவிட்டு வந்தார். எட்டுக் கோளும் மேசையில் இருக்க வேண்டும், ஒன்று குறைந்தாலும் மேசையை வேறு பிள்ளைக்குக் கொடுத்துவிடுவோம் என்றார். பேத்தி மேசையை ஒரு சுற்றுச் சுற்றி, நான்கு காலையும் தொட்டுப் பார்த்தாள்.

அடுக்கி முடிக்கும்போது பூந்தமல்லி சம்பந்தி வந்துவிட்டார். பேத்தி போனில் அழைத்திருந்தாளாம். அண்டாவைப் பார்த்துச் சிரித்தார், டம்ளரைப் பார்த்துச் சிரித்தார், சொம்புக்கு வந்ததும் கண்ணாடியைப் போட்டுக்கொண்டார். சொம்பை எடுத்து இடுப்பில் வைத்துக்கொண்டார்.

"காதுகுத்துக்கு எடுத்தாந்த சொம்பு. என்னிய சனின்னு எழுதி ஊருக்கே காட்டிகினு கீறீங்களா?"

"ஒட்டியாணம் போட்ட ஒரே கிரகம் நீங்கதான் சம்பந்தி" என்றேன்.

"எனக்கு ஒட்டியாணம் வேணாம். என் பேர சூரியன்ல ஒட்டுங்க."

"சூரியன் என் ஊட்டுக்காரு. அவரு மேல உங்க பேர ஒட்டுனா நாலு பேரு இன்னா பேசுவாங்க?"

சம்பந்திக்குச் சிரிப்பு வந்தது, ஆனால் விடவில்லை. சொம்போடு வாசல் பக்கம் திரும்பினார். டீச்சர் அந்த வரிசைக்கு வந்துகொண்டிருந்தார். பேத்தி அம்மம்மாவின் முந்தானையைப் பிடித்துக்கொண்டாள்.

"நீயே வச்சிக்க பூந்தமல்லி ஆயா. கீழ வைக்காத. ஆனா எங்கியும் போவாத, டேபிள சுத்திகினே இரு. ஏழு இருந்தா என் டேபிள எடுத்துக்குவாங்க."

சம்பந்தி என்னை முறைத்தார். நான் ஃபேனைப் பார்த்தேன். பிறகு அவர் சுற்ற ஆரம்பித்தார். எட்டுக் கோளில் உண்மையாகச் சுற்றியது அது ஒன்றுதான். சனியைச் சம்பந்தி பிடித்திருந்தாரா, சம்பந்தியைச் சனி பிடித்திருந்ததா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது.

வேடிக்கை பார்க்க வந்த ஒரு அம்மா, சனி என்ற எழுத்தையும் சுற்றுகிறவரையும் பார்த்துவிட்டு, தானும் செருப்பைக் கழற்றிவிட்டுப் பின்னாலேயே சுற்றினார். அவருக்குப் பின்னால் இன்னும் இரண்டு பேர் சேர்ந்தார்கள். ஒருவர் அண்டாவில் சில்லறை போட்டார்.

மதியம் நடுவராக ஒரு சார் வந்தார். ஃபேன் காற்றில் செவ்வாய் கொஞ்சம் கொஞ்சமாகப் பறந்துகொண்டிருந்ததால், அவர் மேசைக்கு வந்ததுமே கண்கலங்கிவிட்டார். பாசத்தைப் பார்த்து உருகிவிட்டார் என்று டீச்சர் மற்றவர்களிடம் சொன்னதாகக் கேள்வி. கண்ணைத் துடைத்துக்கொண்டே, கோளெல்லாம் இடமாகத்தானே சுற்றும், இது ஏன் வலமாகச் சுற்றுகிறது என்று கேட்டார். பேத்தி சம்பந்தியைப் பார்த்தாள். சாமி காரியத்தில் தான் இடமாகச் சுற்ற முடியாது, வேண்டுமானால் சாரைச் சுற்றச் சொல் என்று சம்பந்தி கறாராகச் சொல்லிவிட்டார்.

"அது பூந்தமல்லிலருந்து வந்துச்சு சார். அது அப்படித்தான் சுத்தும்" என்றாள் பேத்தி.

சார் என்னவோ எழுதிக்கொண்டு தும்மியபடி போனார். பரிசு ஒன்றும் வரவில்லை. ஆனால் மேசையைக் கேட்டு யாரும் வரவில்லை.

நாலு மணிவாக்கில் எனக்குக் கால் கடுத்தது. மேசை ஓரத்தில் லேசாகக் கையை ஊன்றினேன். "கைய எடு ஆயா, என் டேபிளு" என்றாள். சம்பந்திக்கும் தலை சுற்றியது. இரண்டு பேரும் தரையில் சுவரோரமாக உட்கார்ந்தோம். தொண்டை வறண்டது, மிளகாய் வேறு. சம்பந்தி எழுந்து, பிரிமணையைக் கழற்றி என் மடியில் போட்டுவிட்டு, சொம்போடு குழாய்க்குப் போனார்.

அந்த நேரம் பார்த்து ஒரு குடும்பம் வந்து கோள்களை எண்ணியது. என்னம்மா, ஒன்று குறைகிறதே என்றார்கள். பேத்தி இரண்டு கையையும் மேசைமேல் அகலமாக வைத்து நின்றுகொண்டாள்.

"சனி தண்ணி புடிக்கப் போய்கீது. இப்ப வந்துரும்."